குவளையும் குழாயும்

1859ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 21ஆம் நாள். இலண்டன் மாநகரம். நியூகேட் சிறைச்சாலைக்கு அருகே, புனித செபல்கர் தேவாலயத்தின் வெளிச்சுவர் ஓரம் மக்கள் திரண்டு நின்றனர். அந்த வட்டாரத்துக்குக் கூட்டம் புதிதன்று. குற்றவாளிகளைத் தெருவிலேயே, ஊரறிய, தூக்கிலிட்டு வந்த காலம் அது. சாகிறவனின் துடிப்பைக் காணச் சாரிசாரியாய் மக்கள் வந்து நின்ற வீதி அது. அன்று கூடியவர்களோ தண்ணீர் குடிக்க வந்தவர்கள்!

சுவரோரம் கல்லால் ஆன சிறு வளைவு. அதில் ஒரு குழாய். சங்கிலியில் கோத்த குவளைகள். குடித்தபின் குவளையை இருந்த இடத்தில் வைக்கும்படி ஓர் அறிவிப்பு. கேன்டர்பரிப் பேராயரின் மகள் வந்து திறந்து வைத்தார். விழா அவ்வளவே. இலண்டனில் எவரும் காசின்றித் தூய நீர் பருக அமைந்த முதற்குழாய் இதுதான். நாளொன்றுக்கு 7,000 பேர் வரை இதில் நீர் அருந்தினர் என்று பதிவாகியுள்ளது.

ஏழாயிரம் பேர்! ஏழு கடல் தாண்டி ஆட்சி செலுத்திய பேரரசின் தலைநகரில், தேம்ஸ் பேராறு நடுவே பாயும் திருநகரில், ஒரு குவளை நீருக்கு இத்தனை தவிப்பா என்று வியப்பீர்கள். அந்த வியப்புக்கு விடை வேண்டுமானால், விழா மேடையை விட்டு இறங்கி, அந்நகரின் சந்து பொந்துகளில் சற்று நடக்க வேண்டும்.

25 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் நெருங்கி வாழ்ந்த நகரம் அது. குடிநீர் வழங்கும் பொறுப்பு அரசிடமும் இல்லை, நகராட்சியிடமும் இல்லை. தனியார் கம்பெனிகள் தண்ணீரைச் சரக்காக்கி விற்றுக்கொண்டிருந்தன. மாளிகைக்குள் குழாய் சென்றது; ஏழை வாழும் முற்றத்துக்கோ, பல குடும்பங்களுக்குச் சேர்த்து ஒரே குழாய். அதிலும் நாளில் சிறிது நேரமே நீர் வரும். பல இடங்களில் ஞாயிறன்று அதுவும் இல்லை. வந்த நீராவது தூயதா? நகரத்தின் சாக்கடைகள் எல்லாம் தேம்ஸில் கலந்தன. அதே தேம்ஸிலிருந்து சில கம்பெனிகள் நீரை இறைத்து வீட்டுக்கு அனுப்பின. காசு கொடுத்து வாங்கியது கழிவுநீர்! ஆகவே உழைத்துக் களைத்தவன் தாகம் தீர்க்க நுழைந்த இடம் மதுக்கடை. பீர் மலிவு, பீர் எங்கும் கிடைத்தது, பல வேளைகளில் தண்ணீரைவிட அதுவே தீங்கு குறைந்ததாகவும் இருந்தது. குடிகாரன் என்று அவனைக் குறைகூறிய கனவான்கள், அவனுக்கு வேறு எதைக் குடிக்கக் கொடுத்தார்கள்?

இந்நிலையில்தான் காலரா வந்தது. நம்மவர் வாந்திபேதி என்பர். 1832இல் வந்தது, 1849இல் மீண்டும் வந்து, இலண்டனில் மட்டும் ஏறத்தாழ 14,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. காரணம் கேட்டபோது, படித்த பெருமக்களே இரு விடைகள் தந்தனர். ஆண்டவன் அளித்த தண்டனை என்றனர் ஒரு சாரார். அழுகியவற்றிலிருந்து எழும் தீயகாற்றே காரணம் என்றனர் மருத்துவ மேதைகள். முதல் விடைக்கு மருந்து வழிபாடு. இரண்டாம் விடைக்கு மருந்து மூக்கைப் பொத்திக்கொள்வது! இரண்டையும் செய்தனர், சாவு நின்றபாடில்லை.

ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் மட்டும் வேறு வழியில் எண்ணினார். யார்க் நகரத்துத் தொழிலாளி ஒருவரின் மகன் அவர். நோய் வயிற்றைத்தானே தாக்குகிறது. அப்படியானால் அதை நாம் விழுங்கியிருக்க வேண்டுமே, முகர்ந்தா வந்திருக்கும்? இந்த எளிய கேள்வியிலிருந்து தொடங்கி, நோய் தண்ணீர் வழியே பரவுகிறது என 1849இலேயே சிறுநூல் எழுதினார். ஏற்பார் இல்லை. 1854ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில், சோஹோ பகுதியில் பிராடு தெருவைச் சுற்றிக் கொள்ளை நோய் வெடித்தது. பத்தே நாட்களில் 500 பேருக்கு மேல் மாண்டனர். ஸ்னோ வீடு வீடாய்ச் சென்றார், இறந்தவர் எந்த நீர் குடித்தனர் என்று கேட்டார், கேட்டதைக் கணக்கெடுத்தார், பின்னர் தெருப் படத்திலும் குறித்தார். சாவுகள் எல்லாம் பிராடு தெருவின் அடிகுழாயைச் சுற்றியே மொய்த்து நின்றன.

பள்ளியில் பாடம் சொல்பவன் நான். இந்தப் படத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவதில் எனக்குத் தனி விருப்பம் உண்டு. பிள்ளைகள் கேட்கும் முதற்கேள்வி, "குழாய்க்குப் பக்கத்தில் இருந்தும் சாகாதவர் இல்லையா?" என்பதுதான். சரியான கேள்வி! ஸ்னோவும் அதைத்தான் கேட்டார். அருகே ஏழைகள் விடுதி ஒன்று இருந்தது, 535 பேர் தங்கியிருந்தனர், மாண்டவர் ஐவரே. அவ்விடுதிக்குத் தனிக் கிணறு உண்டு. அதே தெருவில் பீர் வடிக்கும் தொழிற்கூடம்; எழுபது பேர் வேலை பார்த்தனர்; காலராவால் ஒருவரும் சாகவில்லை. அவர்கள் பீர் குடித்தனர், குழாயை நாடவேயில்லை. மறுபுறம், பல கல் தொலைவில் ஹாம்ப்ஸ்டெடில் வாழ்ந்த ஒரு கைம்பெண், அந்தக் குழாய்நீரின் சுவைக்காகவே அதை வண்டியில் வரவழைத்துக் குடித்து மாண்டார். அந்த வட்டாரத்தில் வேறெவருக்கும் நோய் இல்லை. காற்றா கொன்றது? காற்று ஆள் பார்த்து ஹாம்ப்ஸ்டெடுக்குப் பயணம் போகுமா?

செப்டம்பர் 8ஆம் நாள் அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றினர். நோய் அதற்கு முன்பே தணியத் தொடங்கிவிட்டது என்று ஸ்னோவே நேர்மையாய் எழுதினார். வேறொன்றையும் நேர்மை கருதிச் சொல்ல வேண்டும். ஸ்னோவின் கருத்தைப் பொய்ப்பிக்கப் புறப்பட்டவர் ஹென்றி ஒயிட்ஹெட் என்னும் இளம் பாதிரியார். தம் வட்டாரத்து வீடுகளை எல்லாம் தாமே ஏறி இறங்கி விசாரித்தார். விசாரிக்க விசாரிக்க ஸ்னோ சொன்னதே மெய்யென்று கண்டார். குழாய்க் கிணற்றுக்கு அடுத்திருந்த வீட்டில் நோயுற்ற பச்சிளங்குழந்தையின் துணியை அலசிய நீர், சிதைந்த மலக்குழி வழியே கிணற்றில் கசிந்ததை வெளிக்கொணர்ந்தவர் அவரே. அங்கி அணிந்தவராயினும் கண்ணால் கண்டதை மறைக்கவில்லை; பாராட்டத்தான் வேண்டும். ஆட்சியாளரும் மருத்துவக் குழுவினருமோ ஸ்னோவின் முடிவை ஒதுக்கித் தள்ளினர். 1858இல் அவர் மாண்டபோது ஊர் அவரைப் போற்றிக் கொண்டாடவில்லை. காலராக் கிருமியை இராபர்ட் கோக் 1884இல் கல்கத்தாவில், ஒரு குளத்து நீரிலேயே கண்டு காட்டிய பின்னர் மறுக்க வாயில்லாமற் போயிற்று.

இலிவர்பூல் துறைமுகத்தில் 1854இலேயே ஒரு தொடக்கம் இருந்தது. சார்லஸ் பியர் மெல்லி என்னும் பருத்தி வணிகர், ஜெனீவா நகரத் தெருக்களில் ஊற்றுகளைக் கண்டவர். மூட்டை சுமப்போருக்குத் துறைமுகத்தில் குடிக்க நீரில்லை என்பதறிந்து குழாய்கள் அமைக்கத் தொடங்கினார். 1858க்குள் 43 அமைந்தன. அதைப் பார்த்துத்தான் இலண்டனில் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் கர்னியும் வழக்கறிஞர் எட்வர்டு வேக்பீல்டும் 1859 ஏப்ரலில் இலவசக் குடிநீர்க் குழாய்ச் சங்கத்தை நிறுவினர். வடிகட்டித் தூய்மை உறுதி செய்யாத எந்தக் குழாயையும் சங்கம் அமைக்காது என்பது அவர்கள் தீர்மானம். ஸ்னோவுக்குக் கிடைக்காத வெற்றி, அவர் மறைந்த மறு ஆண்டு இந்தத் தீர்மானத்துக்குள் ஒளிந்து வந்தது எனலாம். இரண்டாண்டில் 85 குழாய்கள். 1867இல் சங்கம் தன் பெயரிலேயே கால்நடைத் தொட்டியையும் சேர்த்துக்கொண்டது. வண்டி இழுத்த குதிரைக்கும் சந்தைக்கு நடந்த மாட்டுக்கும் தெருவோரம் நீர் கிடைத்தது.

எல்லாம் நல்லெண்ணமே என்று கைதட்டிவிட்டுப் போக மனம் வரவில்லை. குழாயின் தலையில் விவிலிய வசனம். குழாய்க்கு எதிரே மதுக்கடை. நீர் குடிக்க வந்தவனுக்கு ஒரு சொற்பொழிவும் சேர்த்தே வழங்கப்பட்டது! செல்வச் சீமாட்டி ஏஞ்சலா பர்டெட் கூட்ஸ் 1862இல் விக்டோரியா பூங்காவில் எழுப்பிய நீர்மேடைக்கு 6,000 பவுனுக்கு மேல் செலவாயிற்று; தூண்களும் சிலைகளும் கோபுரமும் கொண்ட கோயிலே அது. அந்தப் பணத்தில் எத்தனை முற்றங்களுக்குக் குழாய் இழுத்திருக்கலாம்? தாகமுற்றவன் உரிமையாகக் கேட்க வேண்டியதைக் கொடையாக ஏந்தி வாங்கினான். கம்பெனிகளின் வாணிகமோ தொடர்ந்தது. 1904இல் பொது வாரியம் ஒன்று அவற்றை ஏற்ற பிறகே இலண்டனின் தண்ணீர் இலண்டன் மக்களுக்கு உரியதாயிற்று.

பாரிசிலும் இதுவே கதை. பிரஷ்யரின் முற்றுகையும், பின்னர் கம்யூன் எழுச்சியும், அதன்மேல் பாய்ந்த படுகொலையும் கண்ட நகரம் அது. ரிச்சர்டு வாலஸ் என்னும் ஆங்கிலச் செல்வர் 1872இல் வார்ப்பிரும்புக் குழாய் மேடைகளை அதற்கு வழங்கினார். நான்கு மங்கையர் கூரை தாங்கி நிற்கும் அவை இன்றும் பாரிசின் அடையாளம். சங்கிலியில் தொங்கிய குவளைகளை மட்டும் 1952இல் அகற்றிவிட்டனர்.

கொடை என்று பேசும்போது இந்தியாவிலிருந்து இங்கிலாந்து சென்ற கொடையைச் சொல்லாமல் விடலாமா? ஆக்ஸ்போர்டு வட்டாரத்தில் ஸ்டோக் ரோ என்றொரு சிற்றூர். சுண்ணாம்புப் பாறை மேடு. மழைநீர் தங்காத மண். கோடையில் களிமண் குட்டையில் எஞ்சிய நீரே குடிநீர். அந்தப் பகுதியில் பிறந்த எட்வர்டு ரீடு வடஇந்தியாவில் உயரதிகாரியாய் இருந்தவர். வீட்டில் எஞ்சியிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டதற்காகத் தாயிடம் அடிபட்ட சிறுவனைப் பற்றிக் காசி மன்னருக்கு அவர் சொல்லியிருந்தார். மன்னர் உள்ளம் உருகினார். பணம் கொடுத்தார். 1863இல் கைக்கருவிகளாலேயே தோண்டத் தொடங்கினர். அகலம் நான்கடி, ஆழம் 368 அடி! இலண்டன் பால் பேராலயத்தின் உயரத்தையே விஞ்சிய ஆழம். 1864 மே 24இல் திறந்தனர். மேலே வளைமாடம், நீர் இறைக்கும் பொறியின்மேல் பொன்னிற யானை, பராமரிப்புச் செலவுக்குச் செர்ரித் தோப்பு. ஊரார் எவரும் காசின்றி நீர் எடுக்கலாம், என்றைக்கும்.

நல்ல செயல்தான், மறுப்பாரில்லை. ஆயினும் எண்ணிப் பாருங்கள். ஸ்டோக் ரோவில் கிணற்றங்கரைக்கு வந்த கூலிக்காரனை, "நீ எந்தக் குலம்?" என்று கேட்டவர் உண்டா? தொழுவம் கூட்டுபவனின் வாளி கிணற்றைத் தீட்டாக்கிவிட்டது என்று கூச்சலிட்டவர் உண்டா? கடல் கடந்த வெள்ளையனுக்குக் காசி மன்னரின் கிணறு கதவின்றித் திறந்து கிடந்த அதே நாளில், இந்த நாட்டில் எத்தனை ஆயிரம் ஊர்களில், கிணற்றை வெட்டியவனே கிணற்றின் விளிம்பைத் தொட முடியாமல் எட்ட நின்று கையேந்தினான்! யாரேனும் இரங்கி ஊற்றினால் குடி, இல்லையேல் காத்திரு. கொதிக்கும் கோடையில் தண்ணீர்ப் பந்தல் போட்ட புண்ணியவான்களும், தீண்டத்தகாதார் எனப்பட்டவருக்குக் குவளை கொடுத்ததில்லை. குவித்த கைகளில் உயரே நின்று ஊற்றினர். குடத்துக்கும் கைக்கும் இடையே இருந்த அந்த வெற்றிடத்தின் அளவுதான் அவர்கள் அறத்தின் அளவு.

குவளைக்கு மீண்டும் வருவோம். இலண்டன் குழாயில் தொங்கிய குவளையில் எல்லார் உதடும் பட்டது. வண்டிக்காரன், எழுத்தன், சிறைக் காவலன், தெருவில் பூ விற்றவள் என யார் வந்தாலும் ஒரே குவளை. மனித சமத்துவத்துக்கு அது நல்ல பாடம். உடல்நலத்துக்கு அது தீங்கு. இந்தத் தீங்கைக் கண்டு சொன்னதும் அறிவியலே. கான்சாஸ் மாநிலச் சுகாதார அதிகாரி சாமுவேல் கிரம்பைன், தொடர்வண்டியில் காசநோயாளர் குடித்து வைத்த குவளையை ஒரு குழந்தை எடுத்துக் குடிக்கக் கண்டு பதைத்தார் என்பர். 1909இல் அம்மாநிலம் பொதுக் குவளையைத் தடை செய்தது. பிற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. தாள் குவளை அந்தக் காலத்தில் பிறந்ததே. பர்க்கிலி நகரச் சுகாதார ஆய்வாளர் லூத்தர் ஹாஸ், பள்ளிப் பிள்ளைகள் ஒரே தகரக் குவளையில் குடிப்பதைக் கண்டு, நீர் மேல்நோக்கிப் பாயும் குழாயை உருவாக்கி 1911இல் காப்புரிமை பெற்றார். நேர்மேலே எழுந்த நீர், வாயில் பட்டு மீண்டும் குழாயின் மேலேயே விழுந்தது. வாயும் குழாயைத் தொட்டது. ஆகவே பின்னர் வந்தவற்றில் நீரைச் சாய்வாகப் பாய விட்டனர். குற்றம் கண்டால் திருத்து, திருத்தியதில் குற்றம் கண்டால் மீண்டும் திருத்து என்னும் முறை அது.

அறிவு குவளையை அகற்றியது; காரணம் காட்டி அகற்றியது. உருப்பெருக்கியின் அடியில் எவரும் வந்து பார்க்கக்கூடிய காரணம். எல்லார்க்கும் பொருந்திய காரணம். செல்வன் உதட்டுக்கும் ஏழை உதட்டுக்கும் ஒரே விதி. அதே அமெரிக்காவின் தென்மாநிலங்களில், அதே காலத்தில், குழாயையே இரண்டாக்கினர். ஒன்றின்மேல் "வெள்ளையர்" என்றொரு பலகை, மற்றதன்மேல் "நிறத்தவர்" என்றொரு பலகை. 1896இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பிளெசி வழக்கில், தனித்தனியாய் இருப்பினும் சமமாய் இருக்கலாம் என்று தந்த தீர்ப்பு இதற்கெல்லாம் குடை பிடித்தது. சமமா? வெள்ளையருக்குக் குளிரூட்டிய நீர். கறுப்பருக்குப் பக்கத்தில் சிறு தொட்டி. வட கரோலினாவில் 1950இல் எலியட் எர்விட் எடுத்த நிழற்படம் ஒன்று உலகம் முழுவதும் அறிந்தது. இரு தொட்டிகளும் சுவரோரம் அருகருகே நிற்பதை அதில் காணலாம். சுவருக்குள் ஓடும் நீர் ஒன்றுதானே! எந்தக் கிருமி நிறம் பார்த்தது? எந்த ஆய்வுக்கூடம் இந்தப் பிரிவினைக்குச் சான்று தந்தது? 1964 ஜூலை 2இல் குடிமை உரிமைச் சட்டம் கையொப்பமான பின்னரே அந்தப் பலகைகள் இறங்கத் தொடங்கின.

அமெரிக்கனை எள்ளி நகையாட நமக்குத் தகுதி உண்டா? வெள்ளையர் ஆட்சியில் நம் இரயில் நிலையங்களில் "இந்து நீர்", "முஸ்லிம் நீர்" என்று இரு குடங்கள். அவற்றைச் சுமந்து கூவ இரு பணியாளர். நிரப்பிய குழாய் ஒன்றே; குடத்தில் இறங்கியதும் நீருக்கு மதம் வந்துவிட்டது! நம் சிற்றூர்த் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையை ஆய்வாளர் பலரும் பதிவு செய்திருக்கின்றனர். கான்சாஸ் குவளையைப் பிரித்தது காசநோய்க்கு அஞ்சி. நம் கடைக்காரர் குவளையைப் பிரித்தது எந்த நோய்க்கு அஞ்சி?

மராட்டிய மண்ணில் மகாடு நகரத்துச் சவதார் குளம் இதற்கு முழுச் சான்று. பொது நீர்நிலைகளைத் தீண்டத்தகாதார் எனப்பட்டவரும் பயன்படுத்தலாம் என்று பம்பாய்ச் சட்டமன்றம் போலே என்பார் கொண்டுவந்த தீர்மானத்தை 1923இல் நிறைவேற்றியது. மகாடு நகராட்சியும் 1924இல் குளம் எல்லார்க்கும் பொது என்றது. தாளில் திறந்த குளம் தரையில் திறக்கவில்லை. பிற மதத்தார் நீர் எடுத்தனர். கால்நடைகள் இறங்கிக் குடித்தன. அவற்றை மேய்த்தவன் குடிக்கக் கூடாது. 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மாநாட்டுப் பந்தலிலிருந்து அணிவகுப்பின் முன்னே நடந்தார், குளத்தில் இறங்கினார், கைநிறைய நீர் அள்ளிப் பருகினார். பின்வந்தோர் அனைவரும் பருகினர்.

கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று வதந்தி கிளம்பிற்று. ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள்மேல் தடியடி விழுந்தது. பின்னர் குளத்தைத் "தூய்மை" செய்தனர். எப்படி? சாணம், கோமியம், பால், தயிர் கலந்த 108 குடம் நீரைக் குளத்தில் கொட்டி! பிராடு தெருவில் கிணற்று நீரில் கழிவு கசிந்ததைக் கண்டுபிடித்து உயிர்களைக் காத்த கதையை மேலே சொன்னேன். முக்கால் நூற்றாண்டு கழித்து, குடிக்கும் நீரில் கழிவை எடுத்துக் கொட்டுவதற்குத் தூய்மை என்று பெயர்! ஸ்னோ உயிரோடு இருந்து இதைக் கண்டிருப்பாரேல், எந்தப் படத்தில் எதைக் குறித்திருப்பார்?

ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தைத் தானே திரும்பப் பெற்றது. டிசம்பரில் மீண்டும் மகாடு நோக்கித் திரண்டபோது, குளம் தங்களுக்கே உரியது என்று மேற்சாதியார் வழக்குத் தொடுத்துத் தடையாணை வாங்கிவிட்டனர். அந்த டிசம்பர் 25இல்தான் மனுநூல் அங்கே தீக்கிரையாயிற்று. வழக்கு மன்றம் மாறி மன்றம் ஏறியது. தீண்டத்தகாதாரை விலக்கிவைப்பது தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்பதே மேற்சாதியாரின் வாதம். எந்தத் தொன்மை என்று கேட்டது நீதிமன்றம். அதற்குச் சான்று கேட்டது. சான்று இல்லை. 1937 மார்ச் 17இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்கள் முறையீட்டைத் தள்ளியது. அம்பேத்கர் அக்குளத்தில் நீர் அள்ளிய நாளிலிருந்து பத்தாண்டு நிறைய அன்று மூன்று நாட்களே எஞ்சியிருந்தன.